நெர்மினுக்கு வேலை இல்லை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கவில்லை. ஒரு தூதரகத்தில் கொடுப்பதற்காக நான் எழுதித் தர வேண்டியிருந்த ஒரு பக்க வாக்குமூலமாகத் தொடங்கியது. வாக்குமூலம் என்னுடையதும் இல்லை, மேல்வீட்டு ஸுஹைருடையது; ஹஜ் போய்வந்தவர் என்பதால் எல்லோருக்கும் ஹாஜ்ஜா. மூன்று முறை எழுதினேன், மூன்றையும் அவர் தள்ளிவிட்டார். என் கதைகளைத் திருப்பி அனுப்பிய பத்திரிகை ஆசிரியர்கள்கூட இத்தனை கறாராக இருந்ததில்லை.

அலெக்ஸாண்ட்ரியாவில், கடற்கரைச் சாலைக்கு மூன்று தெரு பின்னால் இருக்கிற ஐந்து மாடிக் கட்டடம் எங்களுடையது. இருபத்திரண்டு வருஷமாக நான் மூன்றாவது மாடி. பத்திரங்களை மொழிபெயர்த்து முத்திரை வைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. கதை எழுதுவது என் கெட்ட பழக்கம். நான்காவது மாடியில் ஹாஜ்ஜாவும் அவர் மகள் நெர்மினும். இரண்டாவது மாடியில் மேடம் இஃப்பத். அவரைப் பற்றிப் பிறகு.

இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன், பயப்படாதீர்கள். இதில் யாரும் சாகவில்லை. மனசு லேசாகித்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். லேசான மனசோடு எழுதினால் கதை ஆழமாக வராது என்பார்கள். வராவிட்டால் போகட்டும்.

2

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்:

"நெர்மினுக்கு முப்பத்து நான்கு வயது. ஒன்பது வருஷமாக ஒரு டச்சுக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறாள். கைபேசியில் சைக்கிள் வாடகைக்கு எடுக்கிறவர்களுக்கு எந்தப் பொத்தான் எங்கே தெரிய வேண்டும் என்று வரைவது அவள் வேலை. அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது."

கடைசி வாக்கியத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட. அரபியில் சொல்லக் கேட்டுவிட்டு நெர்மின், "எனக்கு நல்லா ஓட்டத் தெரியும். ஓட்டுறதுக்கு இடம்தான் இல்ல" என்றாள். அது என் வாக்கியத்தைவிட நன்றாக இருந்ததால் கோபத்தில் பக்கத்தைக் கிழித்தேன்.

அடுத்து இப்படி:

"மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்து, வேறொரு நாட்டு வேலையைப் பார்ப்பவர்களுக்கென்றே இப்போது சில நாடுகள் தனி விசா கொடுக்கின்றன. எங்கள் ஊர்க்காரன் வேலையை நீ பறிக்க மாட்டாய், உன் சம்பளம் வெளியிலிருந்து வரும், ஒரு வருஷம் இருந்துவிட்டுப் போ என்பது ஏற்பாடு. அதற்கு நீ முக்கியமாக நிரூபிக்க வேண்டியது, உனக்கு ஒரு வேலை இருக்கிறது என்பதை."

இது கட்டுரை. நிறுத்திவிட்டேன். ஆனால் அந்தக் கடைசி வரியை மட்டும் நீங்கள் மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நாடு என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை. கடல் இருக்கிறது.*

* ஹாஜ்ஜாவின் நிபந்தனை. "இங்க யாருக்கும் புரியாத உன் பாஷையிலதானே எழுதற? எழுதிக்கோ. ஆனா நாட்டுப் பேரும் வேணாம், முடிவும் வேணாம்." படிக்கிறவர்கள் தூரத்தில் இருக்கிறார்கள், அவர்கள் கண் இங்கே எட்டாது என்றேன். "மனுஷங்களுக்குத்தாம்மா பாஷை வேணும். கண்ணுக்கு எல்லா பாஷையும் தெரியும்."

3

நாலு வருஷத்துக்கு முன் நெர்மின் இதே மாதிரி வேறொரு நாட்டுக்கு விண்ணப்பித்தாள். காகிதங்களைக் கொடுத்துவிட்டு வந்த அன்றே, விசாவே வந்துவிட்டதுபோல ஹாஜ்ஜா கட்டடம் முழுக்கச் சிவப்பு ஷர்பத் கொடுத்தார். நானும் இரண்டு கிளாஸ் குடித்தேன். விசா மறுக்கப்பட்டது. காப்பீட்டுத் தாளில் தேதி பத்து நாள் குறைந்திருந்ததாம்.

அதன் பிறகு ஒரு வருஷம் மாடிப்படியில் ஒரே கேள்விதான். "எப்ப கிளம்பற நெர்மின்?" "இன்னும் இங்கதான் இருக்கியா?" அதிகம் கேட்டவர் இஃப்பத். நெர்மின் முதலில் லிஃப்டில் ஏறுவதை நிறுத்தினாள். பிறகு கீழே இறங்குவதையே நிறுத்தினாள். ரொட்டியும் தக்காளியும் வேண்டுமென்றால் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கிவிடுவாள், கீழே கடைக்காரர் போட்டு அனுப்புவார். அந்தக் கூடை என் பால்கனியைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். ஒரு வருஷம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த முறை விண்ணப்பக் காகிதங்களை என்னிடம் மொழிபெயர்க்கக் கொண்டுவந்தபோது அவளே சொன்னாள்: "இதுவும் போச்சுன்னா மூணாவது தடவை கேக்க மாட்டேன். அந்த ரூம்லயே இருந்துடுவேன். சும்மா பேச்சுக்குச் சொல்லல."

இஃப்பத்துக்குக் கொள்ளிக்கண் என்பது ஹாஜ்ஜாவின் முடிவு. லிஃப்டைப் பாராட்டினார், லிஃப்ட் நின்றது. ஹாஜ்ஜாவின் சோபாவைப் பாராட்டினார், கால் ஒடிந்தது. [அந்த சோபா நான் குடிவந்த நாளிலிருந்தே ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் நான் யார் சொல்ல.]

அதனால் ஹாஜ்ஜா இம்முறை விண்ணப்பத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. விடாமலிருந்தால் போதாதா? போதவில்லை அவருக்கு. பார்க்கிறவர்களிடமெல்லாம் மகளுக்கு வேலை போய்விட்டது என்று சொல்ல ஆரம்பித்தார். முதலில் சம்பளம் குறைந்தது, பிறகு கம்பெனி மூடியது, பிறகு வெளிநாட்டுக்காரன் ஏமாற்றி ஓடினான். கதை எழுதுகிற எனக்கே பொறாமையாக இருந்தது. வாரத்துக்கு ஒரு திருப்பம்.

4

தொலைபேசி வந்தபோது நான் அங்கே இல்லை. ஹாஜ்ஜா சொன்ன மூன்று விதங்களில் நம்பக்கூடியதை வைத்து எழுதுகிறேன். விண்ணப்பத்தில் இரண்டாவது எண்ணாக நெர்மின் வீட்டுத் தொலைபேசியைக் கொடுத்திருந்தாள். அவள் குளித்துக்கொண்டிருந்தாள்.

"நெர்மின் வீடுங்களா? தூதரகத்துலருந்து பேசறோம். அவங்க வேலை பாக்கறாங்களா?"

அசல் அலெக்ஸாண்ட்ரியாப் பேச்சு. எந்தத் தூதரகம் நம்ம தெருப் பேச்சைப் பேசும்? யாரோ சம்பந்தம் பேச நினைக்கிறவர்கள் தூதரகம் என்று சாக்குச் சொல்லி விசாரிக்கிறார்கள், அல்லது இஃப்பத் தன் தங்கச்சியைப் பேசவிட்டு ஆழம் பார்க்கிறார் என்று ஹாஜ்ஜா முடிவு கட்டினார்.

"வேலையா? ஏது வேலை? எட்டு மாசமா வீட்டுலதான் கெடக்கா. அந்த வெளிநாட்டுக்காரன் ஏமாத்திட்டுப் போய்ட்டான். முதுகும் போச்சு, பார்வையும் போச்சு. நீங்க வேற நல்ல எடமாப் பாருங்க."

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"பெத்தவ. என்னைவிட யாருக்குத் தெரியும்?"

5

நான்கு நாள் கழித்துக் கடிதம் வந்தது. கொடுத்த காகிதங்களும் வீட்டில் சொன்ன தகவலும் ஒத்துப்போகவில்லை. ஏழு நாளுக்குள், தொலைபேசியில் பேசியவர் நேரில் வந்து தன் பேச்சுக்கு எழுத்தில் விளக்கம் தர வேண்டும். இல்லையென்றால் விண்ணப்பம் மூடப்படும்.

நெர்மின் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஹாஜ்ஜாவுக்குத் தேவலாம் என்று இருந்திருக்கும். அன்று மத்தியானம் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, என் தலைக்கு மேலிருந்து அந்தக் கூடை இறங்கியது. கையிலிருந்த ஈரத் துணியை வாளியிலேயே திரும்பப் போட்டேன்.

மறுநாள் காலை ஹாஜ்ஜா என் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். "எழுதும்மா. நான் என்ன எழுதணுமோ அதை நீ எழுது, நான் கையெழுத்துப் போடறேன்."

முதல் வரைவு: "கீழே கையொப்பமிட்டுள்ள நான்..."

"இது யாரு பேசறது? வக்கீலா? எனக்கு பயமா இருக்கு."

இரண்டாவது வரைவில் கண்ணேறு என்ற நம்பிக்கையைப் பற்றி வெளிநாட்டு அதிகாரிக்குப் புரியும்படி இரண்டு பத்தி எழுதினேன். கேட்டதும் முந்தானை மாதிரி முக்காட்டை வாய்மேல் இழுத்துக்கொண்டார். "அதைப் பத்தி எழுதினா அது வந்து படிக்கும்மா. அடி, அடி." அடித்தேன்.

மூன்றாவது: "என் மகள் மிகத் திறமையானவள். அவளது நிறுவனம் அவளை மிகவும் உயர்வாக—"

ஹாஜ்ஜா காகிதத்தின்மேல் கையை வைத்து மூடினார். "இவ்வளவு நல்லா எழுதாத. பாதியாக் குறை. பாதி வேலை பாக்கறான்னு போடு."

"பாதி வேலைக்கு விசா தர மாட்டாங்க, ஹாஜ்ஜா."

"அப்ப முக்காலு."

"முழுசா எழுதணும். கருப்பு மையில. உங்க கையால எழுதினாத்தான் நம்புவாங்க."

[இங்கே நான் தயங்கினேன். ஹாஜ்ஜாவை வெறும் சிரிப்புப் பாத்திரமாக்கிவிட்டேனோ? நான்கு வருஷத்துக்கு முன் ஷர்பத் கொடுத்தது இவர்தான். மகளின் அந்த ஒரு வருஷத்துக்குத் தன் கைதான் காரணம் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தவர். இதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.]

பேனாவை வாங்கிக்கொண்டார். எழுதும்போது மூச்சை அடக்கிக்கொண்டார். 'நல்ல' என்று எழுதிவிட்டு விட்டத்தைப் பார்த்தார். பிறகு 'வேலை' என்று எழுதினார். எனக்கு அழுகை வந்தது, சொல்வதில் வெட்கமில்லை. அவர் எழுதியது இவ்வளவுதான்:

"என் மகள் நெர்மினுக்கு வேலை இருக்கிறது. ஒன்பது வருஷமாக இருக்கிறது. நல்ல வேலை. அங்கே அவளை மதிக்கிறார்கள். போனில் நான் சொன்னது பொய். போன தடவை முன்னாலேயே சந்தோஷப்பட்டேன், காரியம் கெட்டது. இந்தத் தடவை பயந்துவிட்டேன். தப்பு என்னுடையது, அவளுடையது இல்லை. இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து மாஷா அல்லாஹ் சொல்லிவிட்டுப் படிக்கவும்."

மொழிபெயர்த்தேன். மாஷா அல்லாஹ், கண் படாமலிருக்கச் சொல்வது. அந்தக் கடைசி வரியை விட்டுவிடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். விடவில்லை. முத்திரை வைக்கிறவள் வரியை விழுங்கக் கூடாது.

6

தூதரகத்துக்கு மூவரும் போனோம். வண்டியில் அம்மா ஒரு ஜன்னலோரம், மகள் மறு ஜன்னலோரம். நான் நடுவில்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அலெக்ஸாண்ட்ரியாக்காரிதான். அந்தத் தொலைபேசிக் குரல் அவளுடையது. முதலில் என் மொழிபெயர்ப்பைப் படித்தாள், பிறகு ஹாஜ்ஜாவின் கையெழுத்தை எடுத்தாள். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஹாஜ்ஜா, நீங்கதானே எனக்கு வேற நல்ல எடமாப் பாக்கச் சொன்னது?"

ஹாஜ்ஜா தலையைக் குனிந்துகொண்டார். "மன்னிச்சுடும்மா. என்னைத் தண்டிக்கணும்னா தண்டிச்சுக்கோ. அவ பாவம்."

"எங்கம்மா எங்க தெருவுல என்ன சொல்லி வச்சிருக்காங்க தெரியுமா? நான் ஒரு பல் டாக்டர்கிட்ட போன் எடுத்துப் பேசற வேலையில இருக்கேனாம்." அப்புறம் உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று கண்ணாடி வழியே கேட்கவில்லை, ஆனால் எங்கள் மூவருக்கும் தெரிந்தது. தாளைத் திருப்பி முதல் வரியிலிருந்து மறுபடி படித்தாள்.*

* பல் டாக்டர் என் கற்பனை என்கிறாள் நெர்மின். கண் டாக்டராம். எழுதினால் நம்ப மாட்டீர்கள் என்று நான்தான் மாற்றினேன்.

வெளியே வந்து படியிறங்கும்போது நெர்மின் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல வேலைன்னு எழுதினியா நீ?" என்றாள். "என்ன பண்றது, எழுத வச்சுட்டாங்க" என்றார் ஹாஜ்ஜா. இரண்டு பேரும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பசித்தது. மூன்று நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

7

முடிவுகள்.

(அ) விசா மறுக்கப்பட்டது. நெர்மின் உள்ளறைக்குத் திரும்பினாள். ஹாஜ்ஜாவிடம் படித்துக் காட்டினேன். "இதுதான் நல்லாருக்கு. இதையே போடு."

(ஆ) விசா வந்தது. ஆனால் அம்மாவைத் தனியே விட மனமில்லாமல் நெர்மின் போகவில்லை. இதை அரபியில் எழுதிக் காட்டியதற்கு நெர்மின் அனுப்பிய பதில்: "சகிக்கல. நான் எதுக்கு இருக்கணும்?" [அனுப்பிய என்று எழுதிவிட்டேன். எங்கிருந்து என்று கேட்காதீர்கள்.]

(இ) ஒரு திங்கட்கிழமை காலை, நெர்மினுக்கு விசா—

[ஹாஜ்ஜா காப்பிக்கு வந்துவிட்டார். நோட்டை மூடிவிட்டேன்.]

8

மாடிப்படியில் இப்போது ஓடுகிற கதையைச் சொல்கிறேன். நெர்மினுக்கு உடம்பு சரியில்லை. படுத்த படுக்கை. வெளிச்சமே படக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு மாதமாக யாரும் அவளைப் பார்க்கவில்லை. கூடையைக்கூட ஹாஜ்ஜாதான் இறக்குகிறார். மேலே இழுக்கும்போது இரண்டாவது மாடிப் பால்கனியில் இஃப்பத் அதை நிறுத்தி, நோயாளிக்கென்று வாரம் ஒரு கிண்ணம் பால்சோறு வைத்து அனுப்புகிறார். அதை நானும் ஹாஜ்ஜாவும் சாப்பிடுகிறோம். அருமையாகச் செய்கிறார். [நான் பாராட்டியதாக யாரிடமும் சொல்லாதீர்கள்.]

நேற்று இஃப்பத் என்னைப் படியில் நிறுத்தினார். கையில் ஒரு பொட்டலம்.

"அந்தப் பொண்ணுக்கு. கம்பளிக் காலுறை, நானே பின்னினது. படுக்கையிலயே கெடக்கறால்ல, பாவம், கால் சில்லுனு இருக்கும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தப் பக்கத்துக் கடல்காத்து நம்ம காத்து மாதிரி இல்லன்னு சொல்றாங்க."

"எந்தப் பக்கத்து, மேடம் இஃப்பத்?"

"எனக்கென்ன தெரியும்? நான் ஒண்ணும் கேக்கலியே. இந்தத் தடவை நான் ஒரு வார்த்தை கேட்டேனா, நீயே சொல்லு." கதவைச் சாத்தப் போனவர் நின்றார். யாரையும் பார்க்காமல், மாடிப்படியின் சுவரைப் பார்த்து, "மாஷா அல்லாஹ்" என்றார். பிறகு சாத்திக்கொண்டார்.

கேட்டேனா என்று அவர் கேட்டது காதிலேயே நிற்கிறது. நாலு வருஷத்துக்கு முன் தான் கேட்டதெல்லாம் அவருக்கும் நினைவிருந்திருக்கிறது. இந்த ஆளைத்தான் பக்கம் பக்கமாகச் சந்தேகப்பட்டு எழுதியிருக்கிறேன். திருத்தவில்லை. நான் எப்படி நினைத்தேன் என்பதும் தெரியட்டும்.

ஆக, முடிவை நான் எழுதப் போவதில்லை. உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதை எழுதிக்கொள்ளுங்கள், இஃப்பத் சுவரிடம் சொன்னதை நீங்களும் ஒருமுறை சொல்லிவிட்டு.

எனக்கு வேறு வேலை இருந்தது. காலுறைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு இன்று காலை அஞ்சலகம் போனேன். விலாசம் எழுதினேன். நாட்டின் பெயர் வந்தபோது வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்தார். இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினேன்.