நயினார் வீட்டு மீனவன்

1984-ஆம் வருஷம் தை மாதம் கடலூர் ஜெயிலிலிருந்து வெளியே வந்த விருத்தாசலம், நேராகத் தன் ஊரான பொம்மையார்பாளையத்துக்குத்தான் போனான். ஊருக்குள் நுழைய முடியவில்லை. நாலரை வருஷத்துக்கு முன்னால், வலை போடும் இடத்துக்காகக் கிளம்பிய சண்டையில் அவன் துடுப்பை ஓங்கி வீசி, சீனுவாசன் என்பவரின் வலது முழங்கையை நொறுக்கியிருந்தான். எலும்பு கூடியது, ஆனால் கை மடங்கவில்லை. சீனுவாசன் ஒப்புக்கொள்ளும்வரை விருத்தாசலம் ஊருக்குள் வரக்கூடாது என்று மீனவர் பஞ்சாயத்து சொல்லிவிட்டது. மனைவி அம்சவள்ளி மீன்கூடையோடு சாலைவரை வந்து அவனைப் பார்த்தாள். மகள் மூன்றாம் வகுப்பு படிப்பதாகச் சொன்னாள். கொஞ்ச நாள் வேறெங்காவது இருக்கும்படி கேட்டுக்கொண்டு, அழாமல் திரும்பிப் போனாள்.

அவனுக்குத் தெரிந்த வேறொரு விலாசம் திண்டிவனத்தில் இருந்தது. அங்கே மல்லாட்டை என்னும் நிலக்கடலைக்கு மண்டி வைத்திருந்த சுமதிநாதன், மகாவீர் ஜெயந்திக்கு மறுநாள் தவறாமல் ஜெயிலுக்கு இனிப்பு எடுத்துவரும் ஜைனர். தமிழ் ஜைனர்களைக் கூப்பிடும் வழக்கப்படி நயினார் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். விடுதலையானபின் போக்கிடம் இல்லாதவர்கள் தன் வீட்டுக்கு வரலாம் என்று ஒவ்வொரு வருஷமும் கைதிகளிடம் சொல்லிவிட்டுப் போவார். அதை நம்பிப் போனவர்கள் அதுவரை மூன்று பேர். விருத்தாசலம் நாலாவது.

மண்டிக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்தார்கள். மூட்டை தூக்குவதும் மெஷினில் மல்லாட்டை உடைப்பதும் வேலை. நயினாரின் மனைவி பத்மாம்பாள் வீட்டு வழக்கங்களைச் சொன்னார். தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் குடிக்க வேண்டும். கறி, மீன், முட்டை வீட்டுக்குள் வரக்கூடாது. கிழங்கு கிடையாது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். மற்ற கூலியாட்களுக்குக் கடைசி விதிதான் பெரிய பேஜார். விருத்தாசலத்துக்கு அது மட்டும் சுலபமாக இருந்தது.

"ஜெயில்லயும் அஞ்சு மணிக்கே சோறு போட்டுப் பூட்டிடுவாங்கம்மா. வயிறு பழகிப்போச்சு" என்றான்.

பத்மாம்பாள் வெகுநேரம் சிரித்தார். தெருவில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மீன்தான் அவனைப் படுத்தியது. செவ்வாய்க்கிழமை சந்தையில் கருவாட்டுக்காரி வெள்ளையம்மாள் கடைக்கு எதிரே போய் எதையும் வாங்காமல் நிற்பான். நாலைந்து வாரம் பார்த்துவிட்டு, திருட வந்தவன் என்று நினைத்து அவள் கத்தப்போனாள். மோந்து பார்க்க வந்ததாக அவன் ஒப்புக்கொண்டதும், ஒரு நெத்திலியைக் கையில் வைத்து அனுப்பினாள். விஷயம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. வெளியே சாப்பிட்டால் குளித்துவிட்டு வீட்டுக்குள் வந்தால் போதும் என்று பத்மாம்பாள் சொல்லிவிட்டார். அதன்பிறகு செவ்வாய்தோறும் இரண்டு குளியல்.

இப்படி எட்டு மாதம் போனது. ஆவணிக் கடைசியில் ஜைனர்களின் பத்து நாள் விரதம் முடிந்தது. அதையடுத்து, ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கும் நாள் வந்தது. பெரியவர் சிறியவர் என்ற வித்தியாசம் அன்றைக்கு இல்லை. மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்த விருத்தாசலத்தின் முன்னால் நயினார் வந்து கைகூப்பினார்.

"தெரிஞ்சோ தெரியாமலோ உன் மனசு நோக எதாச்சும் செஞ்சிருந்தா மன்னிச்சிடுப்பா."

விருத்தாசலத்துக்கு முதலில் சிரிப்பு வந்தது. நயினார் கூப்பிய கையை இறக்காமல் பதிலுக்காகக் காத்திருந்தார். அவர் கேட்பது நிஜம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவன் வாழ்நாளில் யாரும் அவனிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. அவனும் யாரிடமும் கேட்டதில்லை. கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டான், தண்டனையையும் அனுபவித்தான், ஆனால் சீனுவாசன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான்.

"நயினாரே, நான் ஊருக்குப் போவணுங்க. அவருகிட்ட கேக்கணும். வெட்னாலும் சரி, கேட்டுட்டு வர்றேன்."

நயினார் கூடவே வருவதாகச் சொன்னார். ஆனால் அவர் தம்பி சுமதிகுமாருக்கு இது பிடிக்கவில்லை. ஊர் அவனைச் சேர்த்துக்கொண்டால் அவன் மறுபடியும் மீன்தான் பிடிப்பான். எறும்புக்கும் வழிவிட்டு நடக்கிற குடும்பம் அதற்குத் தூது போவதா என்று கேட்டார். நயினார் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பத்மாம்பாள்தான் கடைசியில் வாய் திறந்தார்.

"அவன் ஜைனனாகறதுக்கா நம்ம வீட்டுக்கு வந்தான்? போக எடம் இல்லாம வந்தான். இப்ப எடம் தேடிக்கினு போறான். நம்ம விரதம் நம்மளோட இருக்கட்டுங்க. நானும் வர்றேன், கடலைப் பாத்தாப்பல இருக்கும்."

மூன்று பேரும் பாண்டி பஸ் ஏறினார்கள். பாண்டியில் இறங்கி, கோட்டகுப்பம் வழியாகப் போகும் டவுன் பஸ்ஸைப் பிடித்தார்கள். பத்மாம்பாள் மடியில் வடிகட்டிய தண்ணீர் ஒரு கூஜா. பஸ்ஸில் ஏறிய மீன்கூடைகளைப் பார்த்து நயினார் கண்ணை மூடிக்கொண்டார். மூக்கை மூடவில்லை. மூடினால் விருத்தாசலத்துக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தார்.

முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்ததால், மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் மணலில் பஞ்சாயத்தார் உட்கார்ந்திருந்தார்கள். சீனுவாசன் ஓரமாக, மடங்காத கையை நீட்டி வைத்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் அம்சவள்ளி மகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த எட்டு மாதத்தில் விருத்தாசலம் எப்படி இருந்தான் என்று நயினார் சுருக்கமாகச் சொன்னார், நெத்திலிக் கதையையும் மறைக்காமல். அங்கங்கே சிரிப்பு எழுந்தது. சீனுவாசன் மட்டும் சிரிக்கவில்லை.

விருத்தாசலம் எழுந்து அவர் முன்னால் போய் நின்றான். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"அண்ணே, உன் கைய நான்தான் கெடுத்தேன். மன்னிச்சிடுண்ணே" என்று மட்டும் சொன்னான்.

சீனுவாசன் அவனைப் பார்க்காமல், பஞ்சாயத்தாரைப் பார்த்துப் பேசினார்.

"இந்தக் கையால கட்டுமரம் தள்ள முடியல, வலை இழுக்க முடியல. கூட ஆள் வச்சிக்கினு போய்க்கினு இருந்தேன். போன மாசம் அவனும் மெட்ராஸுக்குப் போய்ட்டான். இவன் என் மரத்துல வரட்டும். என் கை செய்ய முடியாதத இவன் கை செய்யட்டும். மன்னிப்புன்னு பேசுறதுக்குலாம் எனுக்குத் தெரியாது."

கிடைக்கிற மீனில் ஆளுக்குப் பாதி என்றும் அவரே சொன்னார். பஞ்சாயத்தார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் ஊருக்குள் வரலாம் என்று சொல்லிவிட்டார்கள். அம்சவள்ளி மகளை மெல்ல முன்னால் தள்ளிவிட்டாள். அந்தப் பெண் அப்பாவிடம் வந்து, கிட்டத்தில் வந்ததும் வெட்கப்பட்டுத் திரும்பி ஓடினாள். ஊரே சிரித்தது. இந்த முறை சீனுவாசனும்.

விருந்தாளிகளுக்கு என்ன கொடுப்பது என்பதில் அடுத்த குழப்பம். ஊரில் மீன் படாத சட்டியே இல்லை. யாரோ இளநீர் என்றார்கள். அவ்வளவுதான், வீட்டுக்கு ஒன்றாக இளநீர் வந்து குவிந்தது. வேண்டாம் என்று சொல்லத் தெரியாத நயினார் நாலு குடித்தார். பத்மாம்பாள் இரண்டோடு நிறுத்திக்கொண்டு கடலைப் பார்க்கப் போனார்.

பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. கடல் அமைதியாக இருக்கிறது, ஒரு சுற்று போய்ப் பார்க்கலாம் என்று சீனுவாசன் விருத்தாசலத்தைக் கூப்பிட்டார். கட்டுமரத்தைத் தண்ணீர் ஓரத்துக்குத் தள்ளும்போது வலையை எடுத்துக் கரையிலேயே வைத்தார். விருத்தாசலம் ஏன் என்று பார்த்தான்.

"அவங்க ஊர் போய்ச் சேரட்டும். நாளைக்குப் போடலாம்" என்றார் சீனுவாசன் தணிந்த குரலில்.

நயினாரின் காதில் அது விழுந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய், கட்டுமரத்தின் பின்புறத்தில் தோளைக் கொடுத்தார். சீனுவாசன் இடது கையைக் கொடுக்க, மூன்று பேரும் தள்ளினார்கள். அலை ஒன்று எழுந்து நயினாரைத் தலையோடு நனைத்துவிட்டுப் போனது. பத்மாம்பாள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கூஜா நழுவி மணலில் கவிழ்ந்தது. அதைக் குனிந்து எடுக்கக்கூட அவரால் முடியவில்லை.

கட்டுமரம் அலையேறித் தாண்டியது. பின்னால் சீனுவாசன் இடது கையால் துடுப்பைப் பிடித்துத் திசை காட்ட, முன்னால் விருத்தாசலம் வலித்துக்கொண்டு போனான். அம்சவள்ளியின் மகள் தண்ணீர் ஓரமாகவே, அவர்கள் போன பக்கம் பார்த்து ஓடினாள்.