ராக்லியின் இடது முழங்கால்

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு பசுவுக்குச் சினைப் பரிசோதனை செய்துகொண்டிருந்தேன். இடது கை தோள்வரை மாட்டுக்குள் இருந்தது. அப்போது என் சட்டைப்பையில் கைபேசி துள்ள ஆரம்பித்தது. நிற்கவேயில்லை.

"யாரோ செத்துட்டாங்க போல, டாக்டரம்மா" என்றார் பண்ணைக்காரர்.

சாகவில்லை. ஜோவன் ராக்லி ஓடியிருந்தான்.

கையைக் கழுவிவிட்டுப் பார்த்தேன். குட்டி வீடியோ. ராக்லி சட்டையில்லாமல் ஒரு புல்தரையில் ஆரஞ்சு கூம்புகளுக்கு நடுவே ஓடுகிறான். ஓடி, வெடுக்கென்று இடது பக்கம் திரும்புகிறான். மறுபடி ஓடி மறுபடி இடது பக்கம். கடைசிவரை இடது பக்கம் மட்டும்தான். வலது பக்கம் திரும்ப வேண்டுமானால் இடது காலை ஊன்றி உந்த வேண்டும். அவன் ஜவ்வு கிழித்துக்கொண்டது இடது முழங்காலில்.

எங்கள் குழுவில் பன்னிரண்டு பேருக்கும் இது புரிந்துவிட்டது. அதனால்தான் கைபேசி துள்ளியது.

எங்கள் ஆட்டம் இதுதான். நிஜ அமெரிக்க ஃபுட்பால் வீரர்களைப் பங்கு போட்டு ஆளுக்கொரு கற்பனை அணி வைத்திருக்கிறோம். ஞாயிறுதோறும் அவர்கள் மைதானத்தில் ஓடுகிற கெஜமெல்லாம் எங்கள் கணக்கில் புள்ளியாக ஏறும். மற்ற லீக்குகளில் வருடா வருடம் ஆட்களைக் கலைத்துப்போட்டுப் புதிதாகப் பிரித்துக்கொள்வார்கள். எங்களுடையது டைனஸ்டி லீக். ஒருவனை எடுத்தால் அவன் ஓய்வுபெறும்வரை உங்கள் தலையில்தான். விற்றால்தான் விடுதலை. ஆகவே இன்று எப்படி ஓடுகிறான் என்பதைவிட மூன்று வருடம் கழித்து எப்படி ஓடுவான் என்பதுதான் கேள்வி. அதிலும் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆட்கள் மேல் மோதி ஓடுகிற ரன்னிங் பேக் என்றால், கறந்த பால் மாதிரி. சீக்கிரம் திரிந்துவிடுவான்.

ராக்லி என் கணவன் ஆரினுடைய ஆள். உயர்நிலைப் பள்ளியில் பேண்டு வாத்தியாராக இருக்கும் ஆரின், யாருக்கும் பெயர் தெரியாத காலத்திலேயே அவனைத் தேர்ந்தெடுத்தவன். போன நவம்பரில் அந்த முழங்கால் கிழிந்த அன்று ஆரின் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை.

என் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆரின் நான்கு முறை கோப்பை ஜெயித்தவன். நான்கும் எங்கள் வீட்டுக் கணப்புக்கு மேலே வரிசையாக நிற்கின்றன. தூசி தட்டுவது நான். பதினோரு வருடமாக ஒரு கோப்பைகூட எனக்கில்லை. இந்த வருடம் என் அணியில் எல்லாரும் இருந்தார்கள், நன்றாக ஓடுகிற ஒருவனைத் தவிர. ராக்லி கிடைத்தால் எனக்குக் கோப்பை. கிடைக்காவிட்டால் மறுபடி தூசித் துணி. மறுநாள் சனிக்கிழமை மதியத்தோடு வியாபாரம் மூடிவிடும். சீசன் தொடங்கிய பிறகுதான் மறுபடி திறக்கும்.

அன்று மாலை வழக்கம்போல கார்லிஸின் மதுக்கடையில் பொரித்த மீன். கார்லிஸ் எங்கள் லீக்கில் ஒருத்தி. தட்டைக் கொண்டுவந்து வைக்கும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"ஆரின், உன் பையன கார் ரேஸ்ல சேத்து விட்றுப்பா. அங்கதான் நாள் பூரா இடது பக்கமே திரும்பிட்டிருப்பாங்க."

கடையே சிரித்தது. ஆரின் மீனை எலுமிச்சைச் சாற்றில் குளிப்பாட்டிக்கொண்டே, "சிரிங்க சிரிங்க" என்றான். காது சிவந்திருந்தது.

"சும்மா சொல்லல. ரெண்டாம் சுற்றுத் தேர்வு ஒண்ணு தரேன், தள்ளி விட்டுடு. அடுத்த மாசம் அதுகூட எவனும் தர மாட்டான்."

போன அக்டோபரில் அதே ராக்லிக்காக இதே கார்லிஸ் மூன்று முதல் சுற்றுத் தேர்வுகள் தருவதாகச் சொன்னவள். முதல் சுற்றுத் தேர்வு என்றால், புதிதாக வருகிற இளைஞர்களில் நல்லவனாகப் பார்த்து முதலில் எடுக்கிற உரிமை. எங்கள் ஊரில் ஒரு மனிதனின் கௌரவமே அதில்தான் இருக்கிறது.

நான் மீனை மென்றுகொண்டிருந்தேன். எனக்கு மட்டும் ஒன்று தெரிந்திருந்தது.

ஆறு மாதமாக ராக்லியின் அக்கா போடுகிற வீடியோக்களைப் பார்த்து வருகிறேன். அவள் குழந்தைக்கு எத்தனை பல் முளைத்திருக்கிறது என்று கேட்டால் சொல்வேன். மூன்று நாள் முன்பு ஒன்று வந்தது. குழந்தை தர்பூசணி தின்கிறது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் பின்னால் ஒரு பிக்கப் வண்டி. அதன் மேலிருந்து ஒருவன் ஐஸ் பெட்டியை அணைத்துக்கொண்டு யாரிடமோ பேசியபடியே குதிக்கிறான். குதித்து ஊன்றியது இடது கால். பேச்சுகூட நிற்கவில்லை.

மாடோ குதிரையோ மனிதனோ, கால் சரியில்லாதவன் அந்தக் காலை ஒரு கணமும் மறப்பதில்லை. கனமான பெட்டியோடு குதிக்கும்போது மறந்துவிட்டான் என்றால், கால் தேறிவிட்டது. கூம்பு வீடியோவில் வலது பக்கம் திரும்பாதது அன்றைய பயிற்சித் திட்டத்தில் அது இல்லாததால் இருக்கும். இதுதான் என் கணிப்பு.

மறுநாள் காலை ஆரின் முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். கரண்டியைப் பிடித்தபடி திரும்பினான்.

"க்ரெட்டா, லீக்க மறந்துட்டு டாக்டரா சொல்லு. அந்தக் கால் தேறுமா?"

இப்படி ஒரு வாய்ப்பு பதினோரு வருடத்தில் எனக்கு வந்ததில்லை. 'தேறாது' என்று ஒரு வார்த்தை. அரை விலைக்கு ராக்லி என் கையில்.

வீரர்களின் விலையைப் பற்றி நான் வாய் கூசாமல் பொய் சொல்வேன். ஆனால் காலைப் பற்றிச் சொன்னதில்லை. என் பேச்சை நம்பித்தான் இந்த வட்டாரத்தில் ஒரு மாட்டை வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று முடிவெடுக்கிறார்கள். தவிர, கேட்டது ஆரின்.

"தேறும்" என்றேன். "இந்த சீசன்லயே தேறிடும்."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

கேட்டதற்கு உண்மையைச் சொன்னேன். ஆதாரம் கேட்கவில்லை. நானும் தர்பூசணியைக் காட்டவில்லை.

ஆரின் முட்டையைப் புரட்டினான். பிறகு, "அவ்ளோ நல்ல கால்னா நீயே வாங்கிக்கயேன். அடுத்த வருஷத்து உன் முதல் தேர்வு. அது ஒண்ணு போதும்" என்றான்.

முட்டை வேகுமுன் கை குலுக்கிவிட்டோம்.

ஆனால் கை குலுக்கினால் மட்டும் போதாது. கணவன் மனைவிக்குள் வியாபாரம் என்றால் எங்கள் லீக்கில் விசாரணை உண்டு. லீக்கின் கமிஷனர் லோவல் ஊரில் சவ அடக்க நிலையம் நடத்துகிறவர். பிண ஊர்தியை வெளியே நிறுத்திவிட்டு, அது நிற்கும் கொட்டகையில் மடக்கு நாற்காலி போட்டுத்தான் கூட்டம். அவருடைய சட்டம் ஒரே வரி: இருவரும் அடுத்தவரை ஏமாற்றிவிட்டதாக நினைத்தால் அது வியாபாரம். ஒருவர் தெரிந்தே விட்டுக்கொடுத்தால் அது அன்பளிப்பு, செல்லாது.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் லோவல், சாவு வீட்டுக் குரலில்.

கார்லிஸ் எழுந்தாள். "ஒரே கேள்விதான். டாக்டரம்மா, அந்தக் காலப் பத்தி உங்க வீட்டுக்காரர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"தேறும்னு சொன்னேன்."

கொட்டகை அதிர்ந்தது.

"கேட்டீங்களா!" கார்லிஸ் நாற்காலியைத் தட்டினாள். "ஊர்ல அத்தன மாட்டுக்கும் கால் பாக்குற பொம்பள, தேறும்னு சொல்றா. அதக் கேட்டுட்டு இந்த ஆளு ஒத்தத் தேர்வுக்கு விக்கிறான். இது வியாபாரமா? கல்யாண நாள் பரிசு!"

"ரிப்பன் ஒண்ணுதான் கட்டல" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

லோவல் கையை உயர்த்தினார். "ஆரின். நீ சொல்லு. உன் பொண்டாட்டி சொன்னத நம்பினியா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நம்பினேன் என்றால் அன்பளிப்பு. ராக்லி போய்விடுவான். நம்பவில்லை என்றால் ராக்லி எனக்கு. ஆனால் இத்தனை பேர் முன்னால், நான் சத்தியமாகச் சொன்ன ஒன்றைப் பொய் என்று என் கணவன் சொல்லியாக வேண்டும். எது வேண்டும் எனக்கு? கோப்பைதான் வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

ஆரின் தொப்பியைக் கழற்றித் தொடையில் வைத்தான். என்னைப் பார்க்கவில்லை.

"நம்பல" என்றான்.

"சத்தியமா?"

"சத்தியமா நம்பல, லோவல். நான் கையில செத்த குதிரைய வச்சுக்கிட்டே இருக்கணும்னு கத விடுறான்னு நெனச்சேன். வாங்கிக்கன்னு சொன்னா பின்வாங்கிருவான்னு பாத்தேன். வாங்கிட்டா."

சிரிப்பு வெடித்தது. கைகள் உயர்ந்தன. கார்லிஸ்கூட முனகிக்கொண்டே கையைத் தூக்கினாள். ராக்லி எனக்கு வந்தான். யாரோ என் முதுகில் தட்டினார்கள். எனக்கு உறைக்கவில்லை.

வண்டியில் வீட்டுக்குப் பாதி தூரம் வந்திருந்தோம். இரு பக்கமும் ஆளுயரச் சோளம்.

"நெஜமாவே நம்பலயா?" என்றேன்.

"நம்பல."

"இருபத்திரண்டு வருஷம் ஆச்சு ஆரின்."

"அதுல பதினோரு வருஷம் இந்த லீக்கு" என்றான். "போன வருஷம் ஒரு குவார்ட்டர்பேக்க எனக்கு விக்கிறதுக்காக நீ அழுத. கண்ணுல தண்ணி வந்துச்சு. 'இவன விக்க மனசே வரல ஆரின்'னு மூக்கச் சிந்துன. நான் டிஷ்யூ எடுத்துக் குடுத்தேன். அவன் மறுவாரமே தோள ஒடச்சுக்கிட்டான்."

"அது பொய்யா? அது வியாபாரம்!"

"அதான் கேக்குறேன். காலைல அடுப்படில நின்னது டாக்டரா, வியாபாரியா? எனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

"நீதான டாக்டரா சொல்லுன்ன."

நான் கைபேசியை எடுத்து தர்பூசணிக் குழந்தையை ஓடவிட்டு அவன் முகத்துக்கு முன் நீட்டினேன். "ரோட்டப் பாக்காத, வண்டிய நிறுத்து. கொழந்தைய விடு. பின்னால பாரு."

ஓரங்கட்டினான். பார்த்தான். கைபேசியைப் பிடுங்கி மறுபடி பார்த்தான். ஐஸ் பெட்டி. குதிப்பு. இடது கால்.

"ஐயோ" என்றான் மெல்ல. "ஐயையோ."

"ம்."

"வித்துட்டேனே. ஒத்தத் தேர்வுக்கு வித்துட்டேனே க்ரெட்டா! பெட்டியோட குதிக்கிறான். பெட்டியோட!" நெற்றியை ஸ்டீயரிங்கில் முட்டினான். ஹாரன் அடித்தது. சோளத்துக்குள்ளிருந்து காக்கைகள் கிளம்பின. தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று குனிந்தேன். சிரித்துக்கொண்டிருந்தான்.

"நெஜத்த சொல்லிருக்க" என்றான். "உனக்கு அவன் வேணும். பொய் சொன்னா சல்லிசா கெடைப்பான். இருந்தும் நெஜத்த சொல்லிருக்க."

"ஆமா."

"நான்தான் மடையன்."

"ஆமா."

என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். மாட்டு வாசம் இன்னும் போயிருக்காது. அவன் கண்டுகொள்ளவில்லை.

செப்டம்பரில் முதல் ஞாயிறு. லோவல் அட்டவணை போட்டபோது வேண்டுமென்றே செய்தாரோ என்னவோ, முதல் வாரமே என் அணியும் ஆரின் அணியும் மோதின. இரண்டு பேரும் ஒரே சோபாவில், நடுவில் ஒரே பாப்கார்ன் சட்டி.

முதல் பாதியில் ராக்லியைச் சிக்கனமாகத்தான் இறக்கினார்கள். மூன்று கெஜம், இரண்டு கெஜம். பழைய வேகம் இன்னும் முழுதாக வரவில்லை. என் கணிப்பில் ஓட்டை விழுந்துவிட்டதோ என்று பல்லைக் கடித்தேன். இரண்டாம் பாதியில் பந்தை வாங்கினான். இடது பக்கம் சுவராக ஆட்கள். ஒரு கணம் நின்றான். இடது காலை நிலத்தில் குத்தினான். உடம்பு மொத்தமும் வலது பக்கம் சரிந்து திரும்பியது. துரத்தி வந்தவன் வெறும் காற்றைக் கட்டிப் பிடித்தான்.

ஆரின் துள்ளி எழுந்தான். பாப்கார்ன் மழையாகக் கொட்டியது.

"பாத்தியா! பாத்தியா! ஊனுறான் பாரு! ஓடுறா ராசா, ஓடு!"

ஓடினான், கோட்டைத் தாண்டும்வரை. என் கணக்கில் புள்ளிகள் ஏறின. அத்தோடு அந்த வாரம் ஆரின் தோற்றுவிட்டான். அது அவனுக்கு உறைக்கச் சிறிது நேரம் பிடித்தது.

"ச்சே" என்று உட்கார்ந்தான். முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை. முடியிலிருந்து ஒரு பாப்கார்னை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

என் கைபேசி ஒலித்தது. கார்லிஸ். ராக்லிக்கு இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகள், கூடவே பந்து பிடிக்கிற ஓர் இளைஞன். ஆரின் என் தோள்மேல் மோவாயை வைத்துப் படித்தான்.

"விக்காத" என்றான்.

'மறுப்பு' என்பதை அழுத்தினேன்.

"ஏய், என்ன இவ்ளோ சீக்கிரம்? நான் உன்ன எதிர்த்து ஆடுறவன். ஒரு நிமிஷமாவது யோசிச்சிருக்கலாம்ல?"

"நீ நெஜத்ததான சொன்ன?"

ஆரின் குனிந்து, தரையில் கிடந்த பாப்கார்னைச் சட்டியில் பொறுக்கிப் போட ஆரம்பித்தான்.

"ஆமா" என்றான். "அவனுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு."