பூதத்துக்குப் பெயர் வைக்கும் போட்டி

...அதற்குப் பெயர் கிடையாது என்று புத்தகத்திலேயே எழுதிவிட்டேனே, பிறகு எதற்குப் போட்டி, ஆனால் சரி என்று தலையாட்டியவன் நான்தான், மாதவி போனில் கிவ்அவே என்றபோது ஏதோ இலவசமாகக் கொடுக்கிறார்கள், கொடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன், என் நாவலில் வருகிற பூதத்துக்கு வாசகர்கள் பெயர் வைப்பார்கள், அதில் ஒன்றை நான் பொறுக்க வேண்டும் என்பது இன்று ராஜினியின் வலைப்பூவைத் திறந்த பிறகுதான் புரிந்தது. பிளாக் டூராம். மாதவி பிரிக்பீல்ட்ஸில் புத்தகக் கடையில் வேலை பார்க்கிற பிள்ளை, உங்கள் புத்தகத்தை விற்றுக் காட்டுகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், டூர் என்றதும் பஸ் ஏறிப் போகவேண்டுமோ, லீவு யார் கொடுப்பார் என்று பயந்தேன், போவது புத்தகம் மட்டும்தான், நேற்று யாரோ ஒருவரின் வலைப்பூ, இன்று ராஜினி, நாளை இன்னொருவர், நானோ மேரு டவுனில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்குப் பின்னால், லோரி நிற்கிற இடத்தில் குந்தியபடி, சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமல், திரையில் விரல் வைத்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறேன். கருநிழலோன். ஷேடோ கிங். வனராட்சசன். என் மாமியார் பெயரையே வைக்கலாம் என்று ஒருவர், கீழே எத்தனை சிரிப்பு முகங்கள்...

மாதவியின் குரல்செய்தி மறுபடியும். "அங்கிள், பிரேக் முடியறதுக்குள்ள ஒரு பேர சொல்லிடுங்க லா, ராஜினி வெயிட் பண்றாங்க. பேரே இல்லாத பூதத்த நான் எப்படி விக்கிறது? செகண்ட் பிரிண்ட் வேணுமா வேணாமா?" வேண்டும்தான், நாற்பது தாண்டிக் கோயில் மண்டபத்தில் அகரம் எழுதிப் பழகியவனுக்கு ஒரு புத்தகம் மறுபடி அச்சாவது வேண்டாமா, இந்தப் போட்டியில்தான் அது தொங்குகிறது என்கிறாள்... ஆனால் அந்தக் காலத்தில் தோட்ட வேலைக்குச் செம்பனைக் காட்டில் இருட்டோடு இறங்கும்போது யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், ஓய் என்போம், விசில் அடிப்போம், பெயரைச் சொன்னால் காட்டில் இருக்கிற அது கேட்டுக்கொள்ளும், பிறகு அதுவே கூப்பிடும், போனவன் திரும்ப மாட்டான். அதைத்தானே நாவலாக எழுதினேன். அதற்கே ஒரு பெயர் வைத்தால், படிக்கிறவன் ஒவ்வொருவனும் அதை வீட்டுக்குள் கூப்பிடுகிற மாதிரி ஆகாதா, இந்த வயதில் இதையெல்லாம் நம்புகிறேனா, நம்பாவிட்டால் ஏன் இன்னும் ஒரு பெயரைக்கூடப் பொறுக்கவில்லை? போர்க்லிப்ட் ஓட்டுகிற ரிஷி எட்டிப் பார்க்கிறான். "என்னா பாஸ், போன விடவே மாட்டேங்கிறீங்க, புது கேர்ள்பிரண்டா?" பேர் பார்க்கிறேன்டா என்றேன். "ஐயோ சொல்லவே இல்ல! பேரனா, பேத்தியா?"

இரண்டும் இல்லை என்று சொல்லிக்கொண்டே விரலை இறக்கினால் ரவாங்கிலிருந்து லோகேஸ்வரி என்று ஒரு பெண். "அங்கிள், என் மக உங்க புக்க படிச்சிட்டு லைட்ட அணைக்க விடமாட்டேங்குறா. ஒரு பேரு வச்சிக் குடுங்க. பேரு தெரிஞ்சா திட்டித் தொரத்திருவாளாம்." திட்டுவதா, அதையா... எனக்கு ஏன் இது தோன்றவே இல்லை, நாங்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டுதானே இருந்தோம், அண்ணன் பாலன் போன அன்றைக்கும். காய்ச்சலோடு வந்து மரத்தடியில் சாய்ந்திருந்தான், கிராணி, தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, விடியுமுன் எல்லோரும் வரிசை நிற்கிற பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுக்க வேண்டியவர், தாமதமாக வந்து, மோட்டார் சைக்கிளைக் காட்டோரம் நிறுத்திவிட்டு அங்கிருந்தே ஒவ்வொரு பெயராகக் கத்தினார், பதில் சொல்லாதவனுக்கு அன்று பேர் கிடையாது, சம்பளமும் கிடையாது, அண்ணன் எழுந்து ஓடினான், இருட்டில் கால்வாய் தெரியவில்லை, விழுந்தவன் எழவில்லை. அது கூப்பிட்டுக்கொண்டது என்றார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன், அப்படியே எழுதியும் வைத்தேன்... கூப்பிட்டது யார்? கட்டைவிரல் திரைமேல் நிற்கிறது, அந்தப் பிள்ளை திட்டட்டும், வாய் வலிக்கத் திட்டட்டும், அன்று கூப்பிட்டவரின் பெயரையே டைப் அடித்துவிடலாம் என்று தேடுகிறேன், அந்த மோட்டார் சத்தம் வருகிறது, மழைக்கோட்டு வருகிறது, சுருட்டு வாடை வருகிறது, பெயர் மட்டும் வரவில்லை. மறந்ததா? எப்போது தெரிந்திருந்தது மறப்பதற்கு... எதிரில் ஐயா, முதுகுக்குப் பின்னால் கிராணி. யாரையாவது கேட்கலாம் என்றால், எங்களில் ஒருவர்கூட அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.