சிக்னல் கிடைத்த இடம்

ஷபீனா மோடத்தை ஜன்னல் கட்டையிலிருந்து எடுத்து டிவிக்கு மேலே வைத்தாள். காதுக்கும் தோளுக்கும் இடையில் பட்டன் செல்ஃபோனை இடுக்கிக்கொண்டு பின்னறைக்கு வந்து, ஸ்டூல் மேலிருந்த லேப்டாப்பைக் குனிந்து பார்த்தாள். திரையின் மூலையில் ஒரே ஒரு கோடு தெரிந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் போய், சிவப்பில் பெருக்கல் குறி வந்தது.

"என்ன காட்டுது?" என்று ஃபோனில் அசார் கேட்டான்.

"வந்துட்டுப் போயிடுச்சுண்ணே."

"டிவி மேல வச்சா எப்படி வரும்? வேற எடம் பாரு."

அவள் நிமிர்ந்தாள். கட்டிலில் அத்தா வாயைத் திறந்தபடி படுத்திருந்தார். விடிகாலையிலிருந்தே மூச்சு மாறியிருந்தது. ஒன்று இழுத்துவிட்டு, அடுத்ததை மறந்துவிட்டவர் போல இருந்து, பிறகு நினைவு வந்து இழுத்தார். கட்டிலின் அந்தப் பக்கம் அம்மா யாசீன் ஓதிக்கொண்டிருந்தாள். ஓதல் நடுவில் அறுந்து அறுந்து, தூக்கத்தில் போய் முட்டி, மீண்டும் தொடங்கியது. இரவு முழுக்க அவள் கண்ணை மூடவில்லை.

அத்தா கரீம் பாய்க்கு மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் செருப்புக் கடை. ஈரலில் வந்த நோய் ஆறு மாதத்தில் அவரை இந்தக் கட்டிலுக்குக் கொண்டுவந்துவிட்டது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பியபோது, அனகாபுத்தூரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் ஷபீனா துணிமணிகளோடு வந்துவிட்டாள். கணவன் ஷாகுல் மறுப்பு சொல்லவில்லை. மகன் அசார் சவூதியில், தமாமில் இருந்தான். பாஸ்போர்ட் கம்பெனியின் கையில். வேலை முடியாமல் யாருக்கும் லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவன் போய் அழுதுகூடப் பார்த்திருக்கிறான்.

அத்தாவுக்கு நினைவு வந்து வந்து போனது. வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"அசாரு வந்துட்டானா?"

அவர் உடம்பைத் துடைத்துவிடும்போதும், படுக்கை விரிப்பை மாற்றும்போதும், கஞ்சியை ஸ்பூனால் ஊட்டும்போதும் ஷபீனாவின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். "வந்துகிட்டே இருக்காங்கத்தா" என்று அவள் சொல்வாள். ஃபோனில் அசார் பேசினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆனால் ஃபோனைக் காதருகே கொண்டுபோனால் அத்தா ஈயை விரட்டுவது போலக் கையை வீசினார். குரல் மட்டும் வந்தால் அவருக்குப் பிடிபடவில்லை. முகத்தைக் காட்ட வேண்டும்.

போன லீவில் வந்தபோது அசார்தான் இந்த லேப்டாப்பையும் மோடத்தையும் வாங்கிவந்து மாட்டிவிட்டுப் போனான். அப்போது வீடு முழுக்க நெட் வந்தது. பின்னறையில் அத்தாவின் கட்டிலைப் போடுவதற்காக அங்கிருந்த இரும்பு பீரோவை நடைக்குத் தள்ளிய பிறகு, அது ஒரு ஆள் ஒருக்களித்துப் போகும் வழி மட்டும் விட்டு நடையை அடைத்து நின்றது. இந்த இரண்டு மாதத்தில் யாரும் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை என்பதால் பின்னறைக்கு நெட் வராமல் போனது தெரியவும் இல்லை. நேற்று டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்ற பிறகுதான் திறந்தார்கள்.

மோடம் கம்பெனிக்கு ஃபோன் செய்தாள். லைன் சரியாகத்தான் இருக்கிறது, வீட்டுக்குள்ளே சிக்னல் போகாததற்கு நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது மேடம் என்றாள் ஒரு பெண். அணைத்துப் போடச் சொன்னாள். அணைத்துப் போட்டாயிற்று. மாடியில் புதிதாகக் குடிவந்தவர்களும் ஒன்று வைத்திருப்பார்கள், இரண்டும் ஒன்றோடொன்று மோதும், சானலை மாற்று என்றான் அசார். அவன் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லச் சொல்ல, லேப்டாப்பை முன்னறைக்குக் கொண்டுபோய் மோடத்தோடு ஒயரில் மாட்டி, அடித்து மாற்றினாள். திரும்பப் பின்னறையில் வைத்தபோது ஒரு கோடு ஒன்றரைக் கோடானது போலத் தோன்றியது. வீடியோவைப் போட்டதும் அசாரின் முகம் பாதி வந்து, சதுரம் சதுரமாக உடைந்து அப்படியே நின்றுவிட்டது. கட்டிலிலிருந்து அத்தா அந்த உடைந்த முகத்தை வெறுமனே பார்த்தார்.

பக்கத்து வீட்டு தினகரன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அத்தாவைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நடைக்கு வந்து பீரோவில் தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். அது நகரவில்லை.

"இன்னாம்மா, இதுக்குள்ள இன்னா வச்சிகிறீங்க?"

"கடைச் சரக்குண்ணா. கடையை மூடறப்ப அள்ளிட்டு வந்தது."

"இத்த எடுத்து வைக்கறதுக்குள்ள பொழுது பூடும். லேப்டாப்புக்கு ஒயர்ல குடுக்கலாம் இல்ல?"

"ஒயர் ஒரு முழம்தான் இருக்கு."

"நான் வண்டிய எட்த்துகினு மார்க்கெட் போறேன். நீட்டு ஒயரா வாங்கியாந்துர்றேன். பாய் முகத்தப் பாத்தா…" என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். "தோ வந்துட்டேன்."

அவர் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. ஷபீனா பின்னறைக்கு வந்தபோது அம்மாவின் தலை கட்டில் சட்டத்தில் சாய்ந்திருந்தது.

"அம்மா, எந்திரிங்க. இன்னிக்கு ஜும்மா. போய்க் குளிச்சிட்டு வாங்க. கொஞ்சம் தெளியும்."

"இவங்கள விட்டுட்டா?"

"நான் இருக்கேன்ல. நான் பாத்துக்கறேன்."

மெஹர் பானு கணவரின் உதட்டில் பஞ்சால் ஜம்ஜம் தண்ணீரைத் தொட்டு வைத்துவிட்டு எழுந்தாள். கொல்லைப்புறக் குளியலறையில் வாளி நிரம்பும் சத்தம் கேட்கத் தொடங்கியது.

தினகரன் வரும்வரை சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அத்தாவின் மூச்சுகளுக்கு நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போவது போல அவளுக்கு இருந்தது. லேப்டாப்பில் வீடியோவைப் போட்டுவைத்துவிட்டு, அசாரை மறுபடி ஃபோனில் பிடித்தாள். மோடத்தை எடுத்துக்கொண்டு, அதன் லைன் ஒயர் வருகிற தூரம் வரை நடந்தாள். நடையின் முனையில், பீரோ தொடங்கும் இடத்தில் ஒயர் இழுத்து நின்றது. பீரோவின் தலைமேல் வைத்தாள். ஒன்றுமே இல்லை. இறக்கினாள். பீரோவுக்கும் உத்தரத்துக்கும் இடையில் ஒரு சாண் சந்து இருந்தது. மோடத்தைக் கையில் பிடித்து அந்தச் சந்துக்கு நேரே உயர்த்தினாள்.

பின்னறையிலிருந்து லேப்டாப் டொங் என்றது.

"ஷபீ, வருது, வருது" என்று அசாரின் குரல் ஃபோனிலும் அறையிலும் ஒரே நேரத்தில் கேட்டது. "எங்க வச்ச?"

"கையில பிடிச்சிருக்கேன்."

"அப்படியே பிடி. ஃபோன வச்சிடு, லேப்டாப்லயே கேக்குது. அத்தா நல்லா தெரியறாங்க."

அவள் ஃபோனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். குதிகாலை உயர்த்தி நின்றால்தான் கை அந்த உயரத்துக்கு எட்டியது. பீரோ மறைத்ததால், திறந்திருந்த கதவின் வழியே அத்தாவின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. வீங்கிய பாதங்கள். வலது பாதத்தின் விரல்கள் போர்வைக்கு வெளியே லேசாக அசைந்துகொண்டிருந்தன.

"அத்தா. அத்தா, நான் அசாருத்தா. இங்க பாருங்க."

அத்தாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. வார்த்தை இல்லை. ஆனால் இத்தனை நாளாக அந்தக் கட்டிலிலிருந்து அவள் கேட்டிராத சத்தம் அது.

"ஆமாத்தா. நான்தான். வந்துட்டேன்த்தா. தாம்பரத்துல எறங்கிட்டேன். ஆட்டோ பிடிச்சு வந்துகிட்டே இருக்கேன்."

ஷபீனா கதவுப் பக்கம் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். மோடம் ஒரு விரல்கடை இறங்கிவிட்டது போலும். அசாரின் குரல் கரகரத்து அறுந்தது.

"ஷபீ, அசைக்காத."

மறுபடி உயர்த்தினாள். குரல் திரும்பிவந்தது. முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று இருந்தது. அதை இழுத்துப் போட்டு ஏறி நின்றால் கொஞ்சம் சுலபமாக இருக்கும். ஆனால் அதற்குக் கையை இறக்க வேண்டும்.

அசார் பேசிக்கொண்டே இருந்தான். கடையைத் திறந்துவிடலாம், ரம்ஜானுக்குப் புது சரக்கு இறக்கலாம் என்றான். சின்ன வயதில் குன்றத்தூர் ரோட்டில் தன்னை சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனதைச் சொன்னான். பின்னால் கேரியரில் ஷபீனாவும் உட்கார்ந்து வந்திருந்தாள். அதை அவன் சொல்லவில்லை. மறந்திருப்பான். வலி தோளிலிருந்து கழுத்துக்கு ஏறியது. கொல்லையில் அம்மா மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்வது கேட்டது.

பிறகு அசாரின் குரல் தணிந்தது. என்ன சொல்கிறான் என்று முதலில் பிடிபடவில்லை. ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப, குழந்தைக்குச் சொல்லித் தருவது போல நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தான். உயிர் பிரியும் நேரத்தில் காதில் சொல்கிற கலிமா.

"அண்ணே" என்று அவள் கூப்பிட்டாள். "என்னண்ணே?"

அவன் கலிமாவை முடித்துவிட்டுச் சொன்னான். "ஒண்ணுமில்ல. நீ பிடி."

"நான் வந்து பாக்கட்டுமா?"

"பிடி, ஷபீ. விட்டுறாத."

அவள் பாதங்களைப் பார்த்தாள். வலது பாதத்தின் விரல்கள் அசைகின்றனவா என்று பார்த்தாள். வெளிச்சம் குறைவாக இருந்தது. வானம் காலையிலிருந்தே மூடிக் கிடந்தது. அசைவது போலவும் இருந்தது. அவள் பார்வையை உயர்த்தி மோடத்தின் பச்சை விளக்குகளைப் பார்த்தாள். பிறகு அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லா இலாஹ இல்லல்லாஹ். மெல்ல, தெளிவாக, இத்தனை தூரத்தில் இருக்கிறவன் குரல் என்று சொல்ல முடியாதபடி வந்துகொண்டிருந்தது. ஒருமுறைகூட அறுந்துபோகவில்லை.

பிறகு அது நின்றது.

கொல்லையில் தண்ணீர்ச் சத்தமும் நின்றிருந்தது.

"ஷபீ" என்றான் அசார். "இப்ப எறக்கி வச்சிரு."

அவள் கையை இறக்கினாள். மோடத்தைத் தரையில் வைத்தாள். லேப்டாப்பிலிருந்து ஏதோ பாதி வார்த்தை வந்து அறுந்தது. பீரோவைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனபோது அத்தா தலையைத் திரை இருந்த பக்கமாகத் திருப்பியிருந்தார். கண்கள் திறந்திருந்தன. அவற்றை மூட வலது கையைத் தூக்கப் பார்த்தாள். கை எழவில்லை. இடது கையால் மூடினாள்.

அம்மா ஈரத் தலையில் துண்டோடு அறையின் வாசற்படியில் நின்றிருந்தாள்.

தினகரன் திரும்பி வந்தபோது வீட்டுக்குள்ளிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. சுருட்டிய ஒயரை வண்டியின் ஹேண்டில்பாரில் மாட்டியபடி கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். நெடுநேரம் அப்படியே நின்றுவிட்டு, ஒயரைத் தன் வீட்டில் போட்டுவிட்டு, நாற்காலிகள் வாடகைக்கு எடுக்கப் போனார்.

ஜும்மா முடிந்ததும் பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஷாகுல் அனகாபுத்தூரிலிருந்து வந்து, குளிப்பாட்டுவதற்குத் திரை கட்டினான். கபன் துணி வந்தது. தூக்கிப்போகும் சந்தாக்குப் பெட்டி வந்தது. வெள்ளிக்கிழமை மவுத்து, பாக்கியசாலி என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஷபீனா ஒவ்வொருவருக்கும் தலையசைத்தாள்.

ஷாகுல் அவளைத் தனியே கூப்பிட்டான். "ஒயர் தினகரன் சார்கிட்ட இருக்காம். தூக்கறதுக்கு முன்னாடி மச்சானுக்கு முகத்தக் காட்டிடலாமா? கேளு."

அவள் அசாருக்கு ஃபோன் செய்தாள். நெடுநேரம் அடித்த பிறகு எடுத்தான்.

"வேணாம்" என்றான். "நான் பாத்துட்டேன்."

மாலை அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம் என்று முடிவாயிற்று. பெண்கள் பின்னறையில் கூடியிருந்தார்கள். அத்தாவின் அக்கா ஜொஹரா மாமி வேலூரிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டார்.

"கடைசில பக்கத்துல யாரு இருந்தது, மெஹரு? கலிமா சொன்னாங்களா?"

அம்மா ஷபீனாவைப் பார்த்தாள். அறையில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

"அசாரண்ணன் சொன்னாங்க" என்றாள் ஷபீனா.

"அசாரா? அவன் எப்ப வந்தான்?"

"கம்ப்யூட்டர்ல, மாமி."

மாமிக்கு அது விளங்கவில்லை. யாரோ அவருக்குக் காதோடு காதாக விளக்கினார்கள். "மாஷா அல்லாஹ்" என்றார் மாமி. "எங்க இருந்தாலும் பெத்த புள்ள வந்து நின்னுட்டான் பாரு." அதைச் சொல்லி மறுபடி அழுதார். சுற்றியிருந்தவர்களும் அழுதார்கள்.

அந்த அழுகைக்கு அடியில், யாருக்கும் கேட்காதபடி அம்மா கேட்டாள்.

"நீ எங்க இருந்த?"

"நடையிலம்மா."

"நடையிலயா?"

"ம்."

மெஹர் பானு மகளின் முகத்தை விட்டுப் பார்வையை எடுத்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அதற்கு மேல் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

தூக்கும்போது தூறல் போட்டது. ஆண்கள் தோளில் சந்தாக்கு தெருமுனை திரும்பும்வரை ஷபீனா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மையவாடியிலிருந்து திரும்பியவர்கள் வாசலிலேயே கால் சேற்றைக் கழுவினார்கள். தினகரனின் மனைவி சுபத்ரா சோறும் ரசமும் கொண்டுவந்து வைத்துவிட்டு, யாரையும் சாப்பிடச் சொல்லாமல் போய்விட்டாள். இருட்டிய பிறகு வீட்டில் நெருங்கிய சொந்தம் மட்டும் மிஞ்சியது.

அம்மாவின் ஃபோன் அடித்தது. அம்மா கொஞ்ச நேரம் பேசினாள். பேசியதைவிடக் கேட்டுக்கொண்டிருந்ததுதான் அதிகம். பிறகு ஃபோனை ஷபீனாவிடம் நீட்டினாள்.

"உன்கிட்ட பேசணுங்கறான்."

அவள் அதை வாங்கிக்கொண்டு வாசற்படிக்கு வந்து உட்கார்ந்தாள்.

"சொல்லுங்கண்ணே."

அவன் மூச்சு கேட்டது. மூக்கை உறிஞ்சுவது கேட்டது. தூரத்தில் எங்கோ லாரி ஒன்று பின்னால் வரும் ஒலி.  அவளுக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது. அத்தா போவது எப்போதிலிருந்து உங்களுக்குத் தெரியும் என்று.

"ஷபீ."

"ம்."

"கை வலிக்குதா?"

தெருவில் தேங்கிய மழைத்தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு சைக்கிள் போனது. தண்ணீர் மறுபடி ஒன்றுசேர்ந்து அடங்கும்வரை அவள் அதைப் பார்த்தாள்.

"இல்லண்ணே" என்றாள்.

அங்கே அப்போதுதான் பொழுது சாய்ந்து, மக்ரிபுக்குப் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். அவன் வைக்கிறேன் என்று சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. முக்காட்டைத் தலைமேல் சரிசெய்துகொண்டு, அது முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.