நாணு ஒழித்த சாணம்

மாட்டுச் சாணத்தின் காலம் முடிந்துவிட்டது; இனி விவசாயம் என்பது கெமிஸ்ட்ரி மட்டுமே. இதை ஜோகுபாளையம் ஆட்டோ ஸ்டாண்டில், டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி, பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படித்துவந்த என் சிநேகிதன் நாணு உலகத்துக்கு அறிவித்தான். உலகத்தின் சார்பில் நான்கு ஆட்டோ டிரைவர்கள் கேட்டார்கள். அவர்களில் ஒருவர் அவனுடைய அப்பா இளங்கோவன்.

"இந்த வருசம் ஆயுத பூஜைக்கு நம்ம வண்டிக்கு மார்க்கெட் மாலை வேணாம்பா. வீட்டுப் பின்னாடியே செண்டுப்பூ பூக்க வச்சுத் தரேன்."

பையன் படித்தவன் என்பதால் இளங்கோவன் நம்பினார். நம்பியதோடு நிற்காமல் ஸ்டாண்ட் முழுக்கச் சொல்லியும் வைத்தார். பூஜையன்று வண்டி மொட்டையாக நின்றால், அடுத்த பூஜை வரை அவருக்கு அங்கே அதுதான் பெயர்.

வீட்டின் பின்புறம், கட்டடம் கட்டியபோது மிஞ்சிய செங்கல் தூளும் சிமெண்டும் சேர்ந்து இறுகிய இடம். ஊற்றிய தண்ணீர் உள்ளே போகாது. மேலேயே நின்று வானத்தைக் காட்டும். அதில் நாணு நாற்று நட்டு யூரியா போட்டான். கடைக்காரர் ஒரு சிட்டிகை என்றார். அவர் பயந்த சுபாவம் என்று சொல்லி ஒரு பிடி போட்டான்.

பக்கத்து வீட்டு விஜி எங்கள் காலேஜில் பி.காம். தெருவில் போகும் எருமைகளின் சாணத்தை வாளியில் அள்ளிவந்து, காய்ந்த இலைகளோடு குழியில் போட்டு மாதக்கணக்கில் மக்கவிடுவாள். அவளைப் பார்த்தாலே நாணு மூக்கைப் பொத்திக்கொள்வான்.

"அக்கவுண்டன்சி படிச்சுட்டு சாணி பொறுக்குறியே விஜி."

"நீ உன் செடியப் பாரு. தீஞ்ச வாசனை வருது."

இலைகள் ஓரத்திலிருந்து கருகத் தொடங்கியிருந்தன. "இது டிரான்சிஷன் ஸ்டேஜ்" என்றான் நாணு. ஒரு வாரத்தில் செடிகள் அந்த ஸ்டேஜையும் தாண்டித் துடைப்பமாயின.

ஆகஸ்டில் ஒருநாள் இளங்கோவன் பின்புறம் வந்து நின்றார்.

"ஸ்டாண்டுல முனிகிருஷ்ணன் இன்னிக்கும் கேட்டான், பூ எங்கண்ணா வந்துட்டிருக்குன்னு. வந்துடும்னு சொல்லியிருக்கேன்."

திட்டவில்லை. திட்டியிருந்தால் நாணுவிடம் பதில் இருந்தது.

அன்று சாயங்காலமே விஜி வீட்டுச் சுவரருகே போய் நின்றான். துணைக்கு நானும்.

"அந்தக் குழியில... மக்கினது கொஞ்சம் கிடைக்குமா?"

"ஒரு வாளி எடுத்தா ரெண்டு வாளி புதுசு கொண்டாந்து போடணும். எங்கம்மா எடுத்தாலும் இதான் ரூல்."

"நான் சாணி அள்றதா?"

"வேணாம்னா உடு. யூரியா இருக்கில்ல."

பிறகு போடுவதாகச் சொல்லி வாங்கிவந்தான். கறுப்பாக, உதிரியாக இருந்தது. மோந்து பார்த்தான். நாற்றமே இல்லை, கொஞ்சம் ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும். மண்ணைக் கொத்தி, கலந்து, புது நாற்று நட்டான். இந்த முறை தண்ணீர் உள்ளே இறங்கியது.

ஆயுத பூஜையன்று மற்ற வண்டிகள் மாலைகளுக்குள் புதைந்து நிற்க, இளங்கோவன் வண்டிக்கு முன்கண்ணாடியைச் சுற்றி ஒரே ஒரு வரிசை செண்டுப்பூ. அவர் அதைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

"பையன் கெமிஸ்ட்ரியில வளத்தது."

முனிகிருஷ்ணன் தலையாட்டினார். நாணு பொரி தின்றுகொண்டிருந்தான். விஜி அவனையே பார்த்தாள்.

மறுநாள் காலை பால் வாங்கப் போனபோது பார்த்தேன். முன்னால் ஓர் எருமை, அவசரமே இல்லாமல். பின்னால் நாணு, அதைவிட அவசரமில்லாமல். இரண்டு கையிலும் வாளி. மூக்கைப் பொத்தக் கை மிச்சமில்லை.