தண்ணிய கொதிக்க வைங்க

குடிநீர் அலுவலகத்தில் அவளை எல்லோரும் ‘வெண்கலம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படியொரு குரல். அறிவிப்பு வேனில் ஏறி அவள் மைக்கைப் பிடித்தால், மாடியில் துணி காயப்போடுகிறவர்கள்கூடக் கையை நிறுத்திக் கேட்பார்கள். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே.

பெருமழைக்குப் பிறகு குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்துவிட்டது. பொறியாளர் எழுதிக்கொடுத்ததை வெண்கலம் தெருத்தெருவாக வாசித்தாள். ‘பொதுமக்கள் மறு அறிவிப்பு வரும்வரை கொதிக்க வைக்காமல் குழாய் நீரைப் பருகுவதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’ அதே வாசகம் சுவரொட்டியாகவும் முனைக்கு முனை ஒட்டப்பட்டது. ஆனாலும் ஆஸ்பத்திரியில் வாந்தியும் பேதியுமாகக் கூட்டம் ஏறிக்கொண்டே போனது.

அந்தக் கூட்டத்தில் அவள் தம்பி மகளும் ஒருத்தி. தம்பி தையற்காரன், பிறவியிலேயே காது கேட்காது. வெண்கலம் போனபோது குழந்தை சலைன் ஏறும் கையோடு தூங்கிக்கொண்டிருந்தாள்.

“எப்பவும் காய்ச்சித்தான் குடுப்பேன் அண்ணி,” என்று தம்பி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “‘கொதிக்க வைக்காமல்’னு உங்க குரல் கேட்டுச்சு. அதுக்குள்ள வண்டி திரும்பிடுச்சு. நீங்களே சொல்றீங்களேன்னு காய்ச்சுறதை நிறுத்திட்டேன்.”

வெண்கலம் அந்த வாசகத்தை மனதுக்குள் ஒருமுறை வாசித்துப் பார்த்தாள்.

என்னதான் சொன்னாய் என்று கட்டிலருகே நின்ற தம்பி கையால் கேட்டான். அவள் சைகையிலேயே குழாயைத் திறந்து காட்டினாள், அடுப்பில் ஏற்றினாள், விரல்களைக் குமிழிகளாகத் துள்ளவிட்டாள், பிறகு குடித்துக் காட்டினாள். அவன் சட்டென்று தலையாட்டினான். பிறகு முகம் சிவக்கக் கையை வீசிக் கேட்டான்: இதை ஏன் இப்படியே ஊருக்குச் சொல்லவில்லை?

மறுநாள் காலை தம்பியையும் கூட்டிக்கொண்டு பொறியாளரிடம் போனாள்.

“அறிவிப்புன்னா அதுக்கொரு மரியாதை வேணாமாம்மா?” என்றார் அவர்.

“மரியாதை இருக்கு சார். அர்த்தம்தான் வண்டியோட போயிடுது. வேணும்னா தெருவுல நின்னு கேளுங்க.”

மனிதர் வீம்பு பிடிக்கவில்லை. இறங்கி வந்து நின்றார். வெண்கலம் பழைய வாசகத்தையே வாசிக்க, வேன் கடந்து போனது. அவர் காதில் விழுந்தது, ‘குழாய் நீரைப் பருகுவதை’ மட்டும்தான். சிரித்துவிட்டார். “சரி, நீயே சொல்லு.”

“தண்ணிய கொதிக்க வைங்க. ஆறவச்சு குடிங்க. அவ்வளவுதான் சார். ஒவ்வொரு முனையிலயும் வண்டிய நிறுத்திச் சொல்றேன்.”

தம்பி அதற்குள் சுவரொட்டிக்கு ஒரு படம் போட்டுவிட்டான். ஒரு குழாய், அதன்மேல் சிவப்புப் பெருக்கல் குறி, பக்கத்தில் கொதிக்கும் பானை. வேன் டிரைவர் எட்டிப் பார்த்து, “என்ன, நாளைக்குத் தண்ணி வராதா?” என்றார். அக்கா அதைக் கையால் சொன்னதும் தம்பி முறைத்தான். ஆனால் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடியும் உட்கார்ந்தான். இந்த முறை பெருக்கல் குறி இல்லை. குழாயிலிருந்து பானைக்கு ஓர் அம்பு, பெரிய பெரிய குமிழிகள், அங்கிருந்து ஒரு குழந்தையின் உதட்டிலிருக்கும் டம்ளருக்கு இன்னோர் அம்பு. அடியில் இருந்த வெற்றிடத்தைப் பொறியாளர் வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் கையாலேயே எழுதினார்: ‘கொதித்த நீரே குடிநீர்.’

“இது நல்லாருக்கு சார்!” என்றாள் வெண்கலம். மனதாரத்தான் சொன்னாள்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் கட்டில்கள் காலியாயின. குழந்தையும் வீடு திரும்பினாள். பக்கத்து ஊர் அலுவலகத்திலிருந்தும் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிப் போனார்கள்.

ஒருநாள் தம்பி கடை இருக்கும் தெருவில் வேன் நின்றபோது, “ஊரெல்லாம் பேசுதே, யாரு போட்ட படம்?” என்று ஒருவர் டிரைவரைக் கேட்டார். மைக் திறந்திருப்பதை மறந்து வெண்கலம் முந்திக்கொண்டாள்.

“என் தம்பி! என் கூடப் பிறந்தவன்!”

தெருவே திரும்பித் தையல் கடையைப் பார்த்தது. வாசலில் நின்ற தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன என்று கையால் கேட்டான்.

வெண்கலம் மைக்கை வைத்துவிட்டு வேனிலிருந்து இறங்கிப் போனாள். சுவரிலிருந்த படத்தைத் தொட்டாள். அவன் தோளைத் தொட்டாள். பிறகு தன் நெஞ்சில் கைவைத்துத் தலையை நன்றாக நிமிர்த்தினாள்.

‘போ’ என்று கையை வீசினான் அவன். ஆனால் கடைக்குள் போகவில்லை. எல்லோரும் பார்க்கும்படி வாசலிலேயே நின்றான்.