ஏழு ஓம்

என் தங்கை ஆச்சிப்பிள்ளை வேலிக்காரனுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். அவள் வாய் திறந்தால் வாவிமேல் நீளும் கல்லடிப் பாலம் கடந்துதான் மூச்சு விடுவாள். "கம்ப நெருக்கி ஊண்டு, மாடு பூருது, போன முற கட்டினவன் ஏமாத்திப்போட்டான்..." அவள் மூச்சு விட்ட இடத்திலெல்லாம் அவன், "ஓம்... ஓம்..." என்றான். திண்ணையில் இருந்த என் இடுப்புச் சாரத்தில் தேநீர் கொட்டியது. அந்த ஓம் எனக்குத் தெரியும். அவன் பேர் கோணாமலை.

முப்பத்தொரு வருடம் நீதிபதி வேலை. இருபதாயிரம் பேரையாவது விசாரித்திருப்பேன். சரி, நாலாயிரம். கடைசி ஆறு வருடம் கொழும்பில், உயர் நீதிமன்றத்தில். குதிரைமயிர்த் தொப்பிக்குள் மூளை பாதி அவிந்துபோயிற்று; மீதிப் பாதிக்குத்தான் பென்சன். இப்போது நாவற்குடாவில் என் முழங்கால் ஒவ்வொரு படியிலும், வழக்கை ஒத்திவைக்கச் சொல்வதுபோல், தவணை கேட்கிறது. நானும் கொடுத்துவிடுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதில் நான் மட்டக்களப்பில் மாவட்ட நீதிபதி. கோணாமலை என்பவன்மேல் எருமைக் களவு வழக்கு. அப்புக்காத்து, அதாவது வக்கீல், இங்கிலீசில் கேட்டதை மொழிபெயர்ப்பாளரான முதலியார் துண்டு துண்டாகத் தமிழாக்கினார். "நீ வயல்வட்டைக்குள் இறங்கினாய்." "ஓம்." "வயலில் நின்ற எருமையின் கயிற்றை அறுத்தாய்." "ஓம்." ஏழு ஓம். அந்த ஏழு ஓமையும் முதலியார் 'ஆம், செய்தேன்' என்ற ஒப்புதலாகவே இங்கிலீசில் சொன்னார், அப்படியே எழுதிக்கொண்டேன். நான் இந்த மண்ணில் பிறந்தவன். கதை கேட்கிறவன் ஓம் போடுவது, 'காது இங்கதான் இரிக்கு, சொல்லு' என்பதற்கு என்று தெரியாதா எனக்கு? ஆனால் நீதிமன்ற மொழி இங்கிலீசு. என் தமிழைச் செருப்புபோல வாசலில் கழற்றிவிட்டுத்தான் ஆசனத்தில் ஏறுவேன். தவிர, பதவி உயர்வு வரவிருந்த நேரம். வழக்குகள் தேங்கக்கூடாது. இரண்டு வருடம் மறியல், கடூழியச் சிறை.

அதற்குப் பிறகு எத்தனை பெரிய தீர்ப்புகள்! கேட்டால் ஒன்றும் ஞாபகமில்லை. இந்த எருமை மட்டும் பதினேழு வருடமாக என் தலைக்குள் மேய்கிறது. அவன் எடுத்தானா, இல்லையா?

"என்ன அண்ணன், அவனையே பாக்கிறீங்க?"

சொன்னேன். ஆச்சிப்பிள்ளை இடுப்பில் கை வைத்தாள். "ஊரையெல்லாம் கேள்வி கேட்ட வாய்தானே? இப்ப என்ன, பூட்டுப் போட்டிரிக்கா? போய்க் கேளுங்களன்."

முழங்காலுக்குத் தவணை மறுத்துவிட்டு இறங்கினேன். வாவிக்காற்று சாரத்தைப் பிடித்து இழுத்தது.

"கோணாமலை, உன்ன மறியலுக்கு அனுப்பினது நான்தான்."

"ஓம் ஐயா."

"அண்டைக்கு நீ கத கேக்கத்தான் ஓம் போட்டாய். அது எனக்கு விளங்கினது."

"ஓம்."

"விளங்கியும் பேசாம இருந்திட்டன்."

"ஓம்."

ஆசனத்தில் இருந்தபோதுகூட இத்தனை வியர்த்ததில்லை.

"அந்த எருமைய நீயா களவெடுத்தாய்?"

கயிற்றை முடிச்சுப் போட்டு, ஒரு முனையைப் பல்லால் கடித்து இறுக்கினான்.

"ஓம்," என்றான்.

கயிறு பல்லிலிருக்க, முகத்தை நிமிர்த்தி, கதையின் மிச்சத்தையும் நான் சொல்லட்டும் என்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றான்.